தேக்கா உணவங்காடி நிலையம்: எந்தக் கடையில் எதை, எந்த நேரத்தில் வாங்குவது

சிங்கப்பூர் தேக்கா உணவங்காடிக்குப் புதிதாக வருகிறவர்கள் பலரும் படங்கள் நிறைந்த கடையின் முன்னால் போய் நிற்கிறார்கள். பிரியாணி, தோசை, மீ கோரெங் (புரட்டிய நூடுல்ஸ்), தந்தூரிக் கோழி, மீன்தலைக் கறி என்று இருபது படங்கள் ஒளிரும் பலகை கண்ணை இழுக்கத்தான் செய்யும். ஆனால் அந்தப் பலகைக்குப் பின்னால் இருக்கும் இடத்தைப் பாருங்கள். இரண்டு அல்லது மூன்று பேர் தோளோடு தோள் உரச நிற்கலாம், அடுப்பும் இரண்டோ மூன்றோதான். அந்த இடத்தில் ஒரு நாளைக்கு ஒரு பண்டத்தை நன்றாகச் செய்யலாம், கைத்திறன் உள்ளவர் இரண்டு செய்வார். மிச்சப் படங்களில் இருப்பது காலையில் சமைத்து ஆறியதாகவோ, உறைபெட்டியிலிருந்து எடுத்துச் சூடாக்கியதாகவோதான் தட்டுக்கு வரும்.

தேக்காவில் நன்றாகச் சாப்பிட வேண்டுமென்றால் ஒரு கடையில் ஒரு பண்டம் மட்டும் வாங்குங்கள். உணவங்காடியின் அமைப்பே அதற்காகத்தான். மேசை எந்தக் கடைக்கும் சொந்தமில்லை. தேநீரும் காப்பியும் விற்கும் தண்ணீர்க் கடை தனி. மேசை துடைப்பதும் தட்டு கழுவுவதும் கடைக்காரர் தலையில் இல்லை, அதற்கு ஒரு கட்டணம் கட்டிவிடுகிறார். அதனால்தான் ரோஜாக் மட்டும், பராட்டா மட்டும், வாத்துச் சோறு மட்டும் விற்று ஒரு குடும்பம் பிழைக்க முடிகிறது. ஒரே பண்டத்தை ஆண்டுக்கணக்கில் செய்யும் கையின் ருசி, நூறு வகை போடும் உணவகத்தில் கிடைப்பது அரிது.

லிட்டில் இந்தியா எம்ஆர்டி நிலையத்தின் சி வாசலில் ஏறினால் பஃபலோ சாலை. காய்கறிக் கடைகளையும் பூக்கடைகளையும் கடந்து இரண்டு நிமிடம் நடந்தால் நிலையம். தரைத்தளத்தில் ஒரு பாதி உணவுக் கடைகள், மறுபாதி மீன், இறைச்சி, காய்கறி விற்கும் ஈரச்சந்தை. மேல்தளத்தில் சேலை, சுடிதார், தையல் கடைகள். கண்டாங் கெர்பாவ் என்று பெரியவர்கள் சொல்லும் பழைய சந்தை 1915-ல் கட்டப்பட்டது. 1982-ல் கடைகள் இப்போதுள்ள கட்டடத்துக்கு மாறியபோது இதற்கு ஜூஜியாவ் நிலையம் என்று பெயர். மக்கள் விடாமல் தேக்கா என்றே சொல்லிவந்தார்கள். 2000-ல் பலகையும் அப்படியே மாறியது.

சிங்கப்பூரில் தெருவோரம் தள்ளுவண்டியிலும் காவடிக் கம்பிலும் உணவு விற்றவர்களை 1968, 1969-ல் அரசாங்கம் பதிவு செய்தது. 1971-லிருந்து 1986 வரை அவர்களைக் குழாய்த் தண்ணீரும் கழிவுநீர் வசதியும் உள்ள கட்டடங்களுக்குள் குடியமர்த்தியது. 2020 டிசம்பரில் இந்த உணவங்காடிக் கலாசாரத்தை யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. தேக்காவின் கடைகளில் அந்தத் தெருவின் குணம் இன்னும் இருக்கிறது. ஒவ்வொரு கடையும் தனி முதலாளி, தனி ருசி, தனி நேரம். எல்லாக் கடையும் திறந்திருக்கும் என்று நம்பி வரக்கூடாது.

காலை ஏழிலிருந்து பத்து வரை பராட்டா, தோசை, இடியப்பம், இறால் மீ. பதினொன்றரையிலிருந்து ஒரு மணி வரை பிரியாணியும் வாத்துச் சோறும். மூன்றிலிருந்து ஐந்து வரை ரோஜாக், வடை, தே என்கிற தேநீர். ஏழு மணிக்கு மேல் வந்தால் பாதிக் கடைகள் கதவடைத்திருக்கும், திறந்திருப்பவை பெரும்பாலும் அந்த இருபது படக் கடைகள்தான். திங்கட்கிழமை மீன் கடைகள் பல மூடியிருக்கும், உணவுக் கடைகளிலும் சில விடுப்பு எடுக்கும். ஞாயிறு பிற்பகல் வெளிநாட்டு ஊழியர்களின் விடுமுறை நேரம், மேசை கிடைப்பது கடினம். தீபாவளிக்கு முந்திய வாரங்களில் எல்லா நாளுமே ஞாயிறு மாதிரிதான். காலாண்டுக்கு ஒருமுறை துப்புரவுக்காக உணவங்காடிகளைச் சில நாள் மூடுவார்கள். தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் இணையத்தளத்தில் அந்தத் தேதிகள் முன்கூட்டியே இருக்கும். வெளியூரிலிருந்து உறவினரை அழைத்து வருகிறவர்கள் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

இனி பிரியாணி. இங்கே இரண்டு வகை உண்டு, பெயர் ஒன்றாக இருப்பதால் குழப்பம் வருகிறது. ஒன்று, நெய்ச்சோறு போல மஞ்சளும் ஏலமும் பட்டையும் போட்டு அரிசியைத் தனியாக வேகவைத்து, தனியே செய்த ஆட்டிறைச்சி மசாலாவை மேலே வைத்துக் கொடுப்பது. பல கடைகளில் நாசி பிரியாணி என்ற பெயரில் கிடைப்பது இதுதான். இன்னொன்று தம் பிரியாணி. தயிர், இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாய், புதினாவில் ஊறிய இறைச்சியை முக்கால் பதம் வேகவிட்டு, அரைமணி நேரம் ஊறிய பாசுமதியைத் தனியே கொதிநீரில் எழுபது எண்பது சதவீதம் வேகவைத்து வடித்து, இறைச்சியின் மேல் பரப்பி, மூடியைச் சுற்றி ஆவி போகாமல் அடைத்து, மெல்லிய தீயில் இருபது முதல் முப்பது நிமிடம் விடுவது. தட்டைப் பார்த்தே பிரித்துச் சொல்லலாம். தம் பிரியாணியில் வெள்ளை, இளமஞ்சள், பழுப்பு என்று சோறு மூன்று நிறமாக இருக்கும், மசாலா ஒட்டிய சோறு இறைச்சியைச் சுற்றியே இருக்கும். எல்லாச் சோறும் ஒரே மஞ்சளாக இருந்தால் அது தம் இல்லை. அதுவும் சாப்பிடத் தக்கதுதான், ஆனால் தம் விலை கொடுக்க வேண்டியதில்லை.

தம் எங்கே கெடுகிறது? அரிசியை வடிக்கும்போது ஒரு நிமிடம் தாமதித்தால் தம்மில் அது குழைந்துவிடும். முன்னாலேயே வடித்தால் மேல்சோறு நடுவில் கடிபடும். இறைச்சியில் தண்ணீர் அதிகம் நின்றால் அடிச்சோறு கஞ்சியாகும். இவை சமைப்பவர் கையில் இருக்கின்றன. வாங்குகிறவர் கையில் இருப்பது நேரம். பதினொன்றரை மணிக்குத் திறக்கும் பாத்திரத்தில் இறைச்சி எலும்பைப் பிடித்துக்கொண்டு முழுசாக இருக்கும். இரண்டு மணிக்கு மேல் பாத்திரத்தின் அடியில் இருப்பது நார்நாராகப் பிரிந்த துண்டுகளும் உப்பேறிய சோறும். வரிசை இல்லை என்று மூன்று மணிக்கு மகிழ்ந்து வாங்குவது வீண்.

கரண்டி எப்படிப் போகிறது என்று கவனியுங்கள். நல்ல கடையில் பாத்திரத்தின் ஓரமாகச் செங்குத்தாக அடிவரை இறக்கி எடுப்பார்கள், ஒரே தட்டில் மேல்சோறும் அடிச்சோறும் வரும். அவசரத்தில் மேலாக வாரிக் கொடுத்தால், 'அடிச்சோறும் கொஞ்சம் கலந்து போடுங்கண்ணே' என்று கேளுங்கள். யாரும் கோபிக்க மாட்டார்கள். சீரகச் சம்பாவுக்குப் பழகிய நாக்குக்கு இங்குள்ள நீளப் பாசுமதி முதலில் உதிரியாகவும் வாசனை குறைவாகவும் படும். அதனால் அந்தச் சோற்றோடு தால்ச்சாவும் வெள்ளரிக்காய் அச்சாரும் சேர்த்தே சாப்பிட வேண்டும். தால்ச்சா என்பது பருப்போடு கத்தரிக்காயும் உருளைக்கிழங்கும் புளியும் சேர்ந்த குழம்பு. பல கடைகளில் ஆட்டெலும்பும் போடுவார்கள். சைவக்காரர்கள் பருப்புக் குழம்புதானே என்று ஊற்றிக்கொள்ள வேண்டாம், கேட்டுவிட்டு ஊற்றுங்கள்.

கட்டுபடியாகும் விலையில் நல்ல உணவு தரும் கடைகளுக்கான மிச்சலின் பிப் கூர்மோன் பட்டியலில் இடம்பெற்ற அலாவுதீன் பிரியாணி இங்கேதான் இருக்கிறது. யாக்காடர் கடைக்கும் நெடுநாள் வாடிக்கையாளர்கள் உண்டு. இரண்டில் எது உயர்ந்தது என்ற சண்டை தேக்காவில் தீராது. மதிய உணவுக்குப் போகிறீர்கள் என்றால், எந்தக் கடையில் பாத்திரம் அப்போதுதான் திறக்கப்படுகிறதோ அங்கே நில்லுங்கள். பட்டியலையும் பலகையில் ஒட்டிய பத்திரிகைத் துண்டையும்விட அது நம்பத்தக்கது. ஆட்டிறைச்சி பிரியாணி ஒரு தட்டு ஏழெட்டு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று வைத்துக்கொள்ளலாம், கோழி ஒரு வெள்ளி குறையும்.

பராட்டாவில் பார்க்க வேண்டியது கல்லை இல்லை, கல்லுக்குப் பின்னால் இருக்கும் மாவு உருண்டைகளை. ஒரு கிலோ மைதாவுக்கு அரை லிட்டருக்குச் சற்று மேல் தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி உப்பு, கொஞ்சம் சீனி, நெய்யோ மார்ஜரினோ. பிசைந்து, உருட்டி, எண்ணெயில் மூழ்கும்படி ஆறு மணி நேரமாவது ஊறவிட வேண்டும். பல கடைகளில் முந்திய இரவே செய்துவிடுகிறார்கள். இந்த ஓய்வில்தான் மாவு இளகுகிறது. ஓய்வு போதாத மாவை வீசினால் ரப்பராகச் சுருங்கித் திரும்பும், அல்லது நடுவில் கிழியும். கிழிந்த இடத்தில் அடுக்கு வராது. வீசியபின் மாவின் வழியே மேசை தெரிகிற அளவுக்கு மெலிந்தால் அது நல்ல மாவு. மடித்துக் கல்லில் போட்டு, இருபுறமும் சிவந்தபின் இரண்டு கையாலும் பக்கவாட்டில் அடிப்பார்கள். அந்த அடியில் ஆவி வெளியேறி அடுக்குகள் பிரிகின்றன. அடிக்காமல் தட்டில் வைத்தால் உள்ளே ஆவி நின்று ஐந்து நிமிடத்தில் தோலாகிவிடும்.

நேரமில்லாத கடைகள் பத்துப் பதினைந்தைச் சுட்டு அடுக்கி வைத்து, கேட்டதும் கல்லில் ஒருமுறை புரட்டித் தருகின்றன. ஒன்றின் மேல் ஒன்று இருக்கும்போது ஆவி போக வழியில்லை. மறுபடி சூடாக்கினால் மேல்புறம் மொறுமொறுக்கும், நடு மட்டும் இழுக்கும். அடுக்கைப் பார்த்தால் 'புதுசா ஒண்ணு போடுங்க, நிக்கிறேன்' என்று சொல்லுங்கள். எல்லாப் பராட்டாவும் அச்சில் வார்த்ததுபோல ஒரே வட்டமாக, ஒரே தடிமனாக இருந்தால் அது உறைபெட்டிப் பராட்டா. அதற்கு நின்றும் பயனில்லை, அடுத்த கடைக்குப் போய்விடலாம். சாதாரணமானதற்கு கோசோங், முட்டைக்குத் தெலூர், வெங்காயத்துக்குப் பாவாங் என்று மலாயில் கேட்பது இங்குள்ள வழக்கம், தமிழில் கேட்டாலும் கிடைக்கும். கோசோங் ஒன்று 1.50 வெள்ளிக்குப் பக்கம், முட்டை போட்டால் ஒரு வெள்ளி போலக் கூடும். நல்ல மாவுள்ள கடையில் கோசோங்கே போதும். முட்டையும் வெங்காயமும் சீஸும் அடுக்கின் குறையை மறைக்கத்தான் பெரிதும் உதவுகின்றன. அர் ரஹ்மான் ராயல் பராட்டா போன்ற கடைகளில் காலை எட்டரை மணி வாக்கில் மாவு வீசும் கை ஓயாமல் இருக்கும், அந்த நேரமே சரியான நேரம்.

தமிழ்நாட்டுச் சால்னா இங்கே எதிர்பார்க்க வேண்டாம். மீன்குழம்பு, ஆட்டுக்குழம்பு, பருப்பு என்று மூன்றில் ஒன்று ஒரு சிறு கிண்ணத்தில் வரும். மீன்குழம்பு காலையில் புளிப்பு ஏறாமல் இருக்கும், பராட்டாவுக்கு அதுவே பொருத்தம்.

நல்ல பராட்டாக் கை குறைந்துவருவதற்கு ஒரு காரணம் உண்டு. உணவகங்களும் காப்பிக் கடைகளும் வெளிநாட்டு ஊழியரை வேலை அனுமதியில் எடுக்க முடிகிறது. உணவங்காடிக் கடையில் நீண்டகாலமாகச் சிங்கப்பூரரும் நிரந்தரவாசிகளும் மட்டுமே உதவியாளராக இருக்க முடிந்தது. 2025 ஜனவரியிலிருந்துதான் நீண்டகால வருகை அட்டை வைத்திருப்பவர்களையும் சேர்த்துக்கொள்ள அனுமதித்தார்கள். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து மாவு பிசைய இளையவர்கள் வருவதில்லை. வாடகையிலும் கடைக்குக் கடை பெரிய வேறுபாடு. தெருவிலிருந்து வந்த முதல் தலைமுறைக்கும் அவர்கள் வழி வந்த சிலருக்கும் மானிய வாடகை சில நூறு வெள்ளிதான். ஏலத்தில் எடுத்தவர்கள் கேட்ட விலையைக் கட்ட வேண்டும். 2024-ல் மரீன் பரேட் சென்ட்ரலில் ஒரு கடைக்கு மாதம் 10,158 வெள்ளி என்று ஏலம் கேட்டது செய்தியானது. அப்படிப்பட்ட வாடகையில் ஒரு பண்டம் மட்டும் விற்றுக் கட்டுபடியாகாது. பலகையில் படங்கள் பெருகுவது பேராசையால் மட்டும் இல்லை என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம். ஆனாலும் சாப்பிடுகிறவர் தன் காசை நல்ல கையைத் தேடிக் கொடுப்பதுதான் அந்தக் கை நிலைக்க வழி. பராட்டா பத்துக் காசு ஏறியது என்று கடைக்காரரிடம் முகம் சுளிப்பவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

தேக்காவுக்கு வந்து ரோஜாக் சாப்பிடாமல் போகக்கூடாது. வெல்லமும் இறால் விழுதும் போட்டுப் பழங்களைப் புரட்டும் சீன, மலாய் ரோஜாக் வேறு. இது தமிழ் முஸ்லிம்கள் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வளர்த்த பண்டம். நாகப்பட்டினம் மாவட்டத்துத் தோப்புத்துறையிலிருந்து வந்தவர்கள் பலர் இந்தத் தொழிலில் இருந்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் மாவுப் பொரியல், உருளைக்கிழங்கு, இறால் அடை, தெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி), தோஃபு, அவித்துப் பொரித்த முட்டை, மீன்கட்டி எல்லாம் மலைபோல இருக்கும். வேண்டியதைக் காட்டினால் மறுபடி எண்ணெயில் போட்டு எடுத்து, துண்டுபோட்டு, வெள்ளரிக்காய், வெங்காயம், பச்சைமிளகாயோடு தருவார்கள். கூடவே ஒரு கிண்ணம் செம்மஞ்சள் குழம்பு. வற்றல்மிளகாய், சர்க்கரைவள்ளிக்கிழங்கு மசியல், வறுத்த நிலக்கடலை, புளி, சீனி சேர்ந்த குழம்பு அது. கிழங்கு கொடுக்கும் கொழகொழப்பும் கடலை கொடுக்கும் கரகரப்பும் நாக்கில் தனித்தனியாகத் தெரிய வேண்டும். வெறும் சோளமாவில் கெட்டியாக்கிய குழம்பு கண்ணாடிபோல மினுங்கும், வாயில் வழுக்கும், கிழங்கின் இனிப்பு இருக்காது.

ரோஜாக்கில் பணம் போவது கவனக்குறைவால்தான். துண்டுக்குத் துண்டு விலை, இறால் அடைக்கும் முட்டைக்கும் மாவுப் பொரியலுக்கும் ஒரே விலை இல்லை. பசியோடு பெட்டியைப் பார்த்தால் கை நீண்டுகொண்டே போகும். இருவருக்கு ஆறு துண்டு போதும், மாவு நெஞ்சை அடைத்துவிடும். எடுக்கும் முன் விலை கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் சொல்லும் சேர்க்கை: ஒரு முட்டை, ஒரு தெம்பே, ஒரு உருளைக்கிழங்கு, ஒரு இறால் அடை, இரண்டு மாவுப் பொரியல். எண்ணெய் சூடேறாமல் போட்டால் பொரியல் எண்ணெயைக் குடித்துவிடும், அதனால் முதல் ஆளாக நிற்பதைவிட இரண்டாவது மூன்றாவது ஆளாக நிற்பது மேல், எண்ணெய் அப்போது காய்ந்திருக்கும். குழம்பை மேலே ஊற்ற விடாதீர்கள், தனிக் கிண்ணத்தில் வாங்கித் தொட்டுச் சாப்பிட்டால்தான் மொறுமொறுப்பு கடைசித் துண்டுவரை நிற்கும். தெமாசெக் இந்தியன் ரோஜாக் இங்கே பேர்பெற்ற கடை.

இறால் வடையைப் பற்றி ஒரு சொல். மேலே ஒரு முழு இறாலை ஓட்டோடு அழுத்திப் பொரித்தது, பச்சைமிளகாயைக் கடித்துக்கொண்டு சாப்பிட வேண்டும். எண்ணெயிலிருந்து எடுத்த பத்து நிமிடத்துக்குள் என்றால் வாங்குங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

தண்ணீர்க் கடையில் சரியாகக் கேட்கத் தெரிந்தால் பாதி ஏமாற்றம் குறையும். தே என்று மட்டும் சொன்னால் கெட்டிப்பால் போட்ட தேநீர் வரும். கெட்டிப்பாலிலேயே சீனி இருப்பதால் 'சீனி போடாமல் தே' என்று கேட்பது பயன்படாது, இனிப்பு வரத்தான் செய்யும். நீரிழிவுள்ளவர்கள் கேட்க வேண்டியது தே சி கோசோங், அது இனிப்பில்லாத ஆவிப்பால் போட்டது. பாலே வேண்டாமென்றால் தே ஓ கோசோங். இனிப்பு குறைவாக வேண்டுமென்றால் சியூ தாய், ஐஸ் போட்டதற்குப் பெங். காப்பிக்கும் இதே சொற்கள்தான், முன்னால் கோப்பி என்று மாற்றினால் போதும். தே தாரிக் என்றால் இரண்டு குவளைக்கிடையே இழுத்து ஆற்றியது. உயரத்திலிருந்து ஊற்றும்போது காற்று கலந்து நுரை கட்டுகிறது, கெட்டிப்பாலும் அடியில் தங்காமல் கலந்துவிடுகிறது. நுரை விரலளவு நின்று, குடித்து முடிக்கும்வரை வற்றாமல் இருந்தால் சாயம் போதுமான கெட்டி. இஞ்சி போட்ட தே ஹலியாவில், இஞ்சியை அப்போது தட்டிப் போடுகிறார்களா, காலையில் பிழிந்த சாற்றை ஊற்றுகிறார்களா என்று பாருங்கள். பிழிந்து வைத்த சாறு மதியத்துக்குள் காரம் இழந்து கசக்கும்.

மீ கோரெங் சிவப்பாக வர வேண்டும், ஆனால் ஈரமாக வரக்கூடாது. மஞ்சள் மீயில் தக்காளி விழுதும் மிளகாய் விழுதும் சேர்த்து, உருளைக்கிழங்கும் முட்டையும் போட்டு உச்சத் தீயில் புரட்டும் பண்டம் இது. ஒரு வாணலியில் ஒன்று இரண்டு தட்டுக்கு மேல் போட்டால் சூடு இறங்கி, மீ தண்ணீர் விட்டு, வறுபடாமல் வேகும். ஆறு பேராக வந்து ஆறு தட்டு ஒரே மூச்சில் கேட்காதீர்கள். இரண்டிரண்டாகக் கேளுங்கள், ஐந்து நிமிடம் அதிகமாகும், ருசி வேறாக இருக்கும்.

சீனக் கடைகளைத் தமிழர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள், அது இழப்புதான். கடை எண் 300-ஐத் தாண்டிய வரிசைகளில் ஹெங் கீ வாத்துச் சோற்றுக் கடையும் 545 வாம்போ இறால் மீ கடையும் இருக்கின்றன, பின்னதும் பிப் கூர்மோன் பட்டியல் கண்டதுதான். இறால் மீயை உலர்ந்த வகையாகக் கேட்டால் மிளகாயில் புரட்டிய மீ தட்டிலும், இறால் தலையும் ஓடும் வறுத்துக் கொதிக்கவைத்த சாறு தனிக் கிண்ணத்திலும் வரும். அந்தச் சாற்றில் பன்றி எலும்பும் சேர்வது வழக்கம் என்பதால் ஹலால் பார்ப்பவர்களுக்கு ஆகாது. இரண்டு கடையும் சரக்கு தீர்ந்ததும் மூடிவிடும், ஒரு மணிக்குள் போங்கள்.

சைவக்காரர்களுக்குத் தனிக் கடைகள் உண்டு. தோசை, இட்லி, இடியப்பம், ஆப்பம் நன்றாகவே கிடைக்கும். இடியப்பத்துக்குச் செம்மஞ்சள் சீனியும் தேங்காய்ப்பூவும் வைத்துத் தருவது இந்த ஊர் வழக்கம். தேங்காய்ப்பால் சேர்ந்த எதையும் பிற்பகலில் வாங்க வேண்டாம். இந்த வெப்பத்தில் சமைத்து நான்கு மணி நேரம் வெளியே இருந்த குழம்பும் சட்னியும் புளித்துவிடும், மூக்குக்குத் தெரிவதற்கு முன்பே கெட்டிருக்கும்.

மேசை பிடிப்பது பற்றி. மேசையில் ஒரு டிஷ்யூ பொட்டலமோ குடையோ கிடந்தால் ஆள் வரிசையில் நிற்கிறார் என்று பொருள். இதைச் சோப் என்பார்கள். அதை நகர்த்தி உட்கார்ந்தால் சண்டை வரும். சாப்பிட்டு முடித்ததும் தட்டைத் திருப்பி வைப்பது கட்டாயம், 2021 செப்டம்பர் 1 முதல் அமலாக்கம் நடக்கிறது. முதல்முறை எழுத்துமூல எச்சரிக்கை, இரண்டாம்முறை 300 வெள்ளி அபராதம். வைக்குமிடத்தில் ஹலால் தட்டுக்கு ஓர் அடுக்கு, மற்றவற்றுக்கு ஓர் அடுக்கு எனப் பிரித்திருக்கும். ஒரே மேசையில் பிரியாணியும் வாத்துச் சோறும் சாப்பிட்டிருந்தால் தட்டுகளைக் கலக்காமல் இரண்டு நடையாகக் கொண்டுபோய் வையுங்கள். வேறுவேறு சமயத்தார் ஒரே கூரையின் கீழ் நம்பிக்கையோடு சாப்பிடுவதற்கு இந்தச் சின்ன ஒழுங்கு அவசியம்.

குறைகளும் உண்டு. 2023-ல் மூன்று மாதம் மூடிச் சீரமைத்தார்கள், ஆனாலும் நண்பகல் வெப்பத்தில் குளிரூட்டியில்லாத இந்த இடம் வேர்த்துக் கொட்டும். கல்லுக்கு எதிரே உள்ள மேசைகளில் உட்கார்ந்தால் சட்டையில் எண்ணெய்ப் புகை ஏறும், ஓர மேசைகளில் காற்று வரும். சந்தைப் பக்கத்துத் தரை காலையில் ஈரமாக இருக்கும், முதியவர்களை உணவுக் கடைப் பக்கத்து வாசல் வழியாகவே அழைத்து வாருங்கள். சில கடைகளில் விலை எழுதிய பலகை இருக்காது, சுற்றுப்பயணிபோலத் தெரிந்தால் பெரிய தட்டாகப் போட்டுவிட்டுப் பிறகு விலை சொல்வதும் நடக்கிறது. 'எவ்வளவுண்ணே?' என்று முதலிலேயே கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கைபேசியில் பணம் செலுத்தும் பேநவ் கியூஆர் பலகை பெரும்பாலான கடைகளில் உண்டு, சிங்கப்பூர் வங்கிக் கணக்கு இல்லாதவர்கள் இரண்டு, ஐந்து, பத்து வெள்ளி நோட்டுகளாக வைத்துக்கொள்ளுங்கள். பலகையில் எழுதிய விலைக்கு மேல் சேவைக் கட்டணம் கிடையாது.

காலையில் வந்தால் சாப்பிட்டபின் சந்தைப் பக்கம் ஒரு சுற்றுப் போகலாம். ஆட்டிறைச்சிக்குத் தேக்காவை மிஞ்ச இந்த ஊரில் இடமில்லை. குழம்புக்கா, பிரியாணிக்கா, சூப்புக்கா என்று சொன்னால் அதற்கேற்ற பாகத்தை வெட்டித் தருவார்கள். பிரியாணிக்குத் தொடையும் தோளும் கலந்து எலும்போடு வாங்குங்கள், வெறும் தொடைக்கறி தம்மில் வறண்டுவிடும். முருங்கைக்காய், வாழைப்பூ, கறிவேப்பிலை, வாழையிலை எல்லாம் உண்டு. மதியம் ஒரு மணிக்கு மேல் சந்தை அடங்கிவிடும்.

பொட்டலம் கட்டி எடுத்துப்போக எல்லாம் உகந்ததில்லை. பெட்டிக்கு 20 முதல் 50 காசு தனியாக வாங்குவார்கள், சொந்தப் பாத்திரம் கொண்டுபோனால் பெரும்பாலும் மறுப்பதில்லை. தம் பிரியாணி இரண்டு மணி நேரம் தாங்கும், தால்ச்சாவைத் தனிப் பையில் கேளுங்கள். வாத்துச் சோற்றின் குழம்பையும் தனியாகவே கேட்க வேண்டும். ரோஜாக் அரைமணிக்குள் வீடு சேர்ந்தால் சரி, சேர்ந்ததும் வெள்ளரிக்காயைப் பிரித்துவிட்டுப் பொரியலை மட்டும் சூடான வாணலியில் எண்ணெயில்லாமல் இரண்டு நிமிடம் புரட்டினால் பெருமளவு மீண்டுவரும். பராட்டாவை மட்டும் கட்டச் சொல்லாதீர்கள். கட்டித்தான் ஆக வேண்டுமென்றால் நெகிழிப் பெட்டியில் வேண்டாம், காகிதத்தில் மடிக்கச் சொல்லி, வாயை மூடாமல் எடுத்துப்போங்கள்.